லண்டனுக்குப் படிக்கப் போனேன்... பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன்!

“கோர்ஸ் ஃபீஸ் தனிங்க. சோஷியல் சர்வீஸ் பேக்கேஜ் தனி. பதினெட்டாயிரம் ஆகும். ஆனா சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்துடும். மேல படிக்க அப்ளை பண்றப்போ அது ரொம்ப வெயிட்டு!”

சென்னையில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்தில் கேட்ட வசனம் இது. ஜர்னலிசம் டிப்ளமா முடித்த கையோடு லண்டனில் மூன்று வார சம்மர் கோர்ஸுக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்காக அம்மாவின் நான்கு வளையல்கள் ஏற்கெனவே வங்கிக்குப் போயிருந்தன. 18,000 ரூபாய் என்றதும் அம்மா என் பக்கம் திரும்பி, “சேவை செய்யறதுக்கு நாம காசு குடுக்கணுமா?” என்றார். நான்தான் விவரம் தெரிந்தவள்போல, “அங்கெல்லாம் அப்படித்தாம்மா” என்றேன்.

லண்டன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரு லிங்க். திறந்தால், ஒரு தொண்டு அமைப்பின் பதிவுப் பக்கம். போன் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் பெயர், மின்னஞ்சல் கொடுத்து இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வளவுதான் பேக்கேஜ்! பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பிராசஸிங் சார்ஜ்” என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

இந்த விஷயம் அம்மாவுக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியும். ஸாரிம்மா.

ஒவ்வொரு ஏப்ரல், மே மாதத்திலும் தெரிந்தவர்களின் பிள்ளைகள் யாராவது போன் செய்து, “அக்கா, சம்மர் ப்ரோகிராம் போறேன். அங்க வாலன்டியரிங் பண்ணலாமா, யாரைப் பார்க்கணும்?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் தங்கியிருந்தது கிழக்கு லண்டனில், ஒயிட்சாப்பல் பக்கம் ஒரு மாணவர் விடுதியில். ஒயிட்சாப்பல் ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தோடு வங்காள மொழியும் இருக்கும். அந்த அளவுக்கு வங்கதேசத்து மக்கள் வாழும் பகுதி. சாலையோரச் சந்தையில் பலாப்பழம், கருவாடு, புடவை எல்லாம் கிடைக்கும். முதல் நாள் வெளியே வந்தபோது ‘விமானம் தப்பாக வேறெங்கோ இறக்கிவிட்டதோ’ என்றுதான் நினைத்தேன்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் டாயின்பீ ஹால் வந்துவிடும். செங்கல் கட்டடம். சுற்றிலும் கண்ணாடி மாளிகைகள் எழுந்துவிட்டதால் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும். படிக்கப் போன ஊரில் சேவை செய்வது என்ற யோசனைக்கே இந்த வீட்டை ஒரு பிறந்த வீடு என்று சொல்லலாம்.

சாமுவேல் பார்னெட் இந்தப் பகுதியில் பாதிரியாராக இருந்தவர். அவரும் மனைவி ஹென்றியெட்டாவும் 1884-ல் இதைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் ஒயிட்சாப்பல் என்றாலே வறுமை, நெரிசல், நோய். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையிலோ, படிப்பு முடிந்த பிறகோ இங்கே வந்து தங்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். காலையில் வந்து ரொட்டி கொடுத்துவிட்டு மாலையில் கிளம்பும் வேலை இல்லை. அதே தெருவில் குடியிருந்து, மாலையில் வகுப்பு எடுத்து, அக்கம்பக்கத்தோடு பழக வேண்டும். ஆர்னால்ட் டாயின்பீ என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் அப்படி வந்து பழகியவர். 30 வயதில், 1883-ல் இறந்துபோனார். வீட்டுக்கு வைத்தது அவருடைய பெயர்தான்.

இங்கே வந்து இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். பிற்பாடு, 1942-ல், பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடித்தளமான அறிக்கையை எழுதியவர். இன்னொருவர் கிளமென்ட் அட்லி. சிறிது காலம் இந்த வீட்டின் செயலாளராக இருந்தார். ஆமாம், 1947-ல் இந்தியா சுதந்திரம் பெற்றபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த அதே அட்லி. அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்த ஜேன் ஆடம்ஸ், ஊர் திரும்பி 1889-ல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். பின்னாளில் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசே கிடைத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது, என் மூன்று வாரமும் 18,000 ரூபாய் லிங்க்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். நான் மூன்று புதன்கிழமை இருப்பேன். மூன்று புதன்கிழமையில் யாருக்கு என்ன ஆகிவிடும்?

விசாவில் ஒரு வரி

கதைக்குப் போவதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். குறுகிய கால கோர்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ‘ஸ்டாண்டர்ட் விசிட்டர்’ விசாவில்தான் போவார்கள். ஆறு மாதம் வரையிலான படிப்புக்கு அது போதும். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. தொண்டு செய்யலாம். ஆனால், மொத்தம் 30 நாள்களுக்கு மேல் போகக் கூடாது. அதுவும் அங்கே முறைப்படி பதிவு பெற்ற தொண்டு அமைப்பாக இருக்க வேண்டும். ‘தெரிந்தவர் கடையில் சும்மா உதவி செய்தேன்’ என்பதெல்லாம் தொண்டுக் கணக்கில் வராது. ஏர்போர்ட்டில் கேட்டால் உளறவும் கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முன் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள். ஏஜென்ட்டைக் கேட்காதீர்கள்!

இன்னொன்று. “எனக்குக் குழந்தைகள்னா ரொம்பப் பிடிக்கும். குழந்தைகள் இல்லத்துல சேவை செய்யணும்” என்று நிறைய பேர் சொல்வார்கள். அங்கே குழந்தைகளோடும், உடல்நலமில்லாத முதியவர்களோடும் நெருங்கிப் பழகும் வேலைகளுக்கு ‘டி.பி.எஸ்’ என்ற பின்னணிச் சோதனை உண்டு. வெளிநாட்டிலிருந்து போகிறவர்களிடம் சொந்த நாட்டு போலீஸ் சான்றும் கேட்கலாம். அது முடிவதற்குள் உங்கள் கோர்ஸே முடிந்துவிடும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், மூன்று வாரத்தில் காணாமல் போகப்போகும் என்னை ஒரு குழந்தை ஏன் பழகிக்கொள்ள வேண்டும்? கம்போடியா போன்ற நாடுகளில் சுற்றுலா வருகிறவர்கள் அநாதை இல்லங்களுக்குப் போய்க் குழந்தைகளைக் கொஞ்சி, படம் எடுத்து, காசு கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தக் காசுக்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் கொண்டுவந்து வைத்திருந்த இல்லங்கள் உண்டு. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை’ என்று அங்கே பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது. ஆகவே, உங்களை உடனே குழந்தைகளிடம் அழைத்துப்போகும் அமைப்பைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சோதனைகள் அதிகம் இல்லாத வேலைகளும் நிறைய இருக்கின்றன. கடைகளில் விற்காமல் மிஞ்சும் காய்கறி, ரொட்டியை வாங்கிச் சமைத்து எல்லோருக்கும் இலவசமாகப் பரிமாறும் சமூகச் சாப்பாடு அதில் ஒன்று. ஃபுட்சைக்கிள் போன்ற அமைப்புகள் ஊரெங்கும் இதை நடத்துகின்றன. சைவச் சாப்பாடுதான். யார் வேண்டுமானாலும் வரலாம். சம்பளம் எவ்வளவு, அட்டை இருக்கிறதா என்றெல்லாம் கேள்வி இல்லை. தொண்டு செய்ய வருகிறவர்களும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகப் பெயர் கொடுத்துக்கொள்ளலாம்.

நானும் அப்படிப்பட்ட ஒரு சாப்பாட்டுக்குத்தான் பெயர் கொடுத்தேன். அது எந்தப் பகுதி, எந்த மண்டபம் என்பதை எழுதப்போவதில்லை. காரணம் இருக்கிறது.

முதல் புதன்கிழமை

ஒரு தேவாலயத்தின் பக்கவாட்டு மண்டபம். மாலை நான்கு மணிக்கே போய்விட்டேன். ஏப்ரன், தலைக்கு வலை. ஒருங்கிணைப்பாளர் அறுபது வயது இருக்கும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. முதலில் அவர் சொல்லித் தந்தது சமையல் இல்லை, சுவரில் ஒட்டியிருந்த ஒரு பட்டியல். ஒவ்வாமை உண்டாக்கும் 14 பொருள்கள். அந்த நாட்டுச் சட்டப்படி, உணவில் அவற்றில் எது இருந்தாலும் சாப்பிடுபவருக்குச் சொல்லியாக வேண்டும். பால், முட்டை, வேர்க்கடலை, எள் என்று போன பட்டியலில் கடுகும் இருந்தது. கடுகா! நம் வீட்டில் அது இல்லாமல் ஒரு நாள் விடியாதே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பிற்பாடு அந்தக் கடுகுதான் என்னை மாட்டிவிட்டது.

அன்றைக்கு வந்தது மூட்டை மூட்டையாக கேரட், கொஞ்சம் வதங்கிய காலிஃப்ளவர், ஏராளமான வாழைப்பழம். அதிலிருந்து பருப்பு சூப், காய்கறிப் பாஸ்தா, வாழைப்பழக் கேக் என்று மூன்று வகை தயாரானது. என் வேலை கேரட் நறுக்குவது, பிறகு பரிமாறுவது, பிறகு கழுவுவது. ஆறரைக்குக் கதவு திறந்ததும் கிட்டத்தட்ட நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். கிழிந்த உடை, அழுக்கு முகம் என்று நான் மனதில் போட்டு வைத்திருந்த படம் எதுவுமே அங்கே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு பெரியவர். ஆபீஸிலிருந்து நேராக வந்ததுபோல ஓர் அம்மா, கூடவே ஹோம்வொர்க் நோட்டோடு இரண்டு பிள்ளைகள். படிக்கும் மாணவர்கள்கூட இருந்தார்கள்.

மேஜைகள் நிறைந்திருந்தன. மெழுகுவத்தி வெளிச்சம், சூப்பில் ஆவி. ரிப்போர்ட்டர் புத்தி விடுமா? போனை எடுத்து உயர்த்தினேன். ஒரு கை மெதுவாக வந்து போனைக் கீழே தாழ்த்தியது. ஒருங்கிணைப்பாளர்தான். திட்டவில்லை. “இவர்கள் நம் விருந்தாளிகள். உன் வீட்டு விருந்தாளி சாப்பிடுவதைக் கேட்காமல் படம் எடுப்பாயா?” என்று மட்டும் கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எடுத்த இரண்டு படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. “அழிச்சிட்டீங்களோ பிள்ளை?”

இஸ்திரிச் சட்டைப் பெரியவர்! யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதைத் தாண்டிய வயது. “நான் அதில விழுந்திருப்பன். என்ர மகன் ஃபேஸ்புக் எல்லாம் பாக்கிறவன். அவனுக்கு நான் இங்க வாறது தெரியாது” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை. இந்தியாவோ? எந்த ஊர்?” என்று பேச்சை மாற்றிவிட்டார். போகும்போது குரலைத் தாழ்த்தி, “சூப்புக்கு உறைப்பு காணாது. நீங்களாவது சொல்லக் கூடாதோ?” என்றார்.

அன்று இரவு பாத்திரம் கழுவி முடிக்க ஒன்பதரை. விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் 1.75 பவுண்ட் டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் யோசித்தேன். அந்தப் படம் என் இன்ஸ்டாவில் போயிருந்தால்? எனக்கு நூறு லைக். அவருக்கு?

ஓட்டம், சேறு, ரொட்டி

மற்ற நாள்களிலும் சும்மா இருக்கவில்லை. முதல் சனிக்கிழமை புஷி பார்க். மான்கள் மேயும் பெரிய பூங்கா, நகரின் தென்மேற்கு ஓரத்தில். 2004 அக்டோபர் 2-ம் தேதி 13 பேர் ஓடிய ஒரு சின்ன ஓட்டம் இங்கேதான் தொடங்கியது. இன்றைக்கு பார்க்ரன் என்ற பெயரில் பல நாடுகளில் சனிக்கிழமை காலைகளில் நடக்கிறது. 5 கிலோமீட்டர், இலவசம். நடத்துவது முழுக்கத் தன்னார்வலர்கள். புஷி பார்க்கில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் ஓடுகிறார்கள்.

நேரம் குறிப்பது, வழி காட்டுவது என்று பல வேலைகளில் எனக்குப் பிடித்தது ‘டெயில் வாக்கர்’. எல்லோருக்கும் கடைசியாக நடக்க வேண்டும். வேறு யாரும் கடைசி ஆளாகிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பாட்டாளர்களே ஒரு கடைசி ஆளை வைத்திருக்கிறார்கள்! அன்று எனக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒரு பெண் நடந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்களுக்காகக் கோட்டில் ஆட்கள் கைதட்டக் காத்திருந்தார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் எப்போதும் கடைசியாக வந்த எனக்குத் தொண்டை அடைத்தது நிஜம்.

இரண்டாம் சனிக்கிழமை தேம்ஸ் நதி. லண்டன் பாலம் பக்கம் கடல் ஓதத்தில் தண்ணீர் 7 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். இறங்கும் நேரம் பார்த்து, தேம்ஸ்21 போன்ற அமைப்புகள் கரையைச் சுத்தம் செய்ய ஆள் சேர்க்கின்றன. கையுறை கட்டாயம், அந்தத் தண்ணீரில் எலிக் காய்ச்சல் அபாயம் உண்டு. நாங்கள் அள்ளியதில் பெரும்பகுதி, கழிவறையில் போட்டு ஃப்ளஷ் செய்த ஈரத் துடைப்புத் தாள்கள். குழந்தைக்குத் துடைப்போமே, அதேதான். பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் பலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது. அதுதான் மக்குவதில்லை. சேற்றில் பழைய களிமண் புகைக்குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது. ஆசையாகப் பையில் போடப் போனேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கரையில் எதையும் தேடி எடுக்கக் கூடாதாம். திரும்பப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு சவுத்ஹால். எலிசபெத் லைனில் ஒயிட்சாப்பலிலிருந்து நேர் ரயில். அங்கே நிலையப் பலகையில் பஞ்சாபி எழுத்து. முன்பு ஹேவ்லாக் சாலையாக இருந்த குரு நானக் சாலையில் 2003-ல் திறந்த பெரிய குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு லங்கர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டேன். பிறகு, தட்டு கழுவும் இடத்தில் ஒரு பாட்டி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். ஸ்டீல் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு மணி நேரம் அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. நான் சரியாகத் தேய்க்காத தட்டை மட்டும் பேசாமல் திருப்பித் தந்துகொண்டிருந்தார்.

கடுகு செய்த வேலை

இரண்டாம் புதன்கிழமைக்கு வருகிறேன். பெரியவர் சீக்கிரமே வந்து கதவருகே நின்றார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய, சிவந்த யாழ்ப்பாணத்துத் தூள். “வீட்டில நானே வறுத்து அரைச்சது. மனிசி இருக்கேக்க அவ செய்வா. இப்ப நான். இதில ரெண்டு கரண்டி போடச் சொல்லுங்கோ. சூப்பு சூப்பா இருக்கும்” என்றார்.

நான் குதூகலமாகச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒருங்கிணைப்பாளர் மூடியைத் திறந்து முகர்ந்தார். கண் மூடிச் சிரித்தார். பிறகு, “எடுத்துக்கொள்ள முடியாதே” என்றார். வீட்டில் அரைத்தது. லேபிள் இல்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சிட்ட தாள் இல்லாமல் எதையும் பொதுச் சமையலில் சேர்க்கக் கூடாது. கடுகு இருந்தால்? நாற்பது பேரில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? அவர் சொன்னது நியாயம். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்.

எப்படிச் சொல்வது? ‘உங்கள் மனைவியின் கைப்பக்குவத்தை அவர்களால் நம்ப முடியாது’ என்று ஆகிவிடாதா? இலவசமாகச் சாப்பிட வருகிறவர் முதல் முறையாக ஒன்றைக் கொண்டுவந்து தருகிறார். அதையும் திருப்பித் தருவதா? கொஞ்ச நேரம் அடுப்பங்கரையிலேயே நின்றேன். பிறகு போய் அப்படியே சொன்னேன், சுற்றி வளைக்காமல். அவர் பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். “சட்டம் எண்டால் சட்டம்தானே” என்றார். அன்றைக்கு சூப் வேண்டாம் என்றுவிட்டார். நான் அந்த நாட்டில் இருந்த மூன்று வாரத்தில் மோசமான மாலை அதுதான்.

யோசனை சொன்னது ஒருங்கிணைப்பாளர். “கடையில் விற்கும் சீல் வைத்த பாக்கெட் என்றால் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் பட்டியல் இருக்குமே. எது நல்லது என்று அவருக்குத்தானே தெரியும்? அவரையே கேளேன்.”

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்ததும் ஈஸ்ட் ஹாமில் அவரைச் சந்தித்தேன். அந்தத் தெருவில் இறங்கினால் சரவண பவன் சாம்பார் வாசனையும், நகைக்கடையும், தமிழ்ப் பலகைகளும் இருக்கும். கடை கடையாக ஏறி இறங்கினோம். தூள் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்து, உள்ளடக்கத்தை வாசித்தார். “இதில கடுகு இருக்கு, வையுங்கோ.” “இது மல்லிதான் கூட, உறைக்காது.” நான்காவது கடையில் ஒன்றுக்குத் தலையசைத்தார். நான் பர்ஸை எடுத்தேன். என் கையைத் தள்ளிவிட்டு அவரே காசு கொடுத்தார்.

நடந்துகொண்டே கேட்டேன். “ஐயா, நான் ஊருக்குப் போய் இதை எழுதலாமா?”

“எழுதுங்கோ. ஆனா ஆரெண்டு விளங்கக் கூடாது.”

“மகன் கிட்ட எப்பவாவது சொல்லுவீங்களா?”

பதில் சொல்லாமல் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, “அவன் நல்ல பிள்ளை. வீட்டு வாடகையே அவன்தான் கட்டுறான். நான் வீட்டில சமைச்சுச் சாப்பிடுறன் எண்டு நினைக்கிறான். ஒராளுக்குச் சமைக்கிறது பெரிய கரைச்சல் பிள்ளை” என்றார். அவ்வளவுதான். பஸ் வந்துவிட்டது.

கடைசிப் புதன்கிழமை அவர் பாக்கெட்டை நேராக ஒருங்கிணைப்பாளர் கையில் கொடுத்தார். இந்த முறை நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. ஆனால், அன்றைய சூப் ஏற்கெனவே கொதித்து முடிந்திருந்தது. அடுத்த வாரம் கண்டிப்பாகப் போடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம்.

சர்ட்டிஃபிகேட் பற்றிக் கேட்பவர்களுக்கு: சான்று கேட்டால், எத்தனை நாள் வந்தேன், என்ன செய்தேன் என்று அங்கே ஒரு மின்னஞ்சல் எழுதித் தருகிறார்கள். கட்டணம் கிடையாது. நான் கேட்க மறந்துவிட்டேன்.

சென்னை வந்து நான்கு நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஒருங்கிணைப்பாளர். படத்தில் மனிதர்கள் யாரும் இல்லை. அடிவரை வழித்தெடுத்த பெரிய சூப் பானை, பக்கத்தில் பாதி காலியான தூள் பாக்கெட். கீழே ஒரு வரி: ‘மூன்று பேர் தண்ணீர் கேட்டார்கள். உன் நண்பர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.’